ஒரு விரல் சுண்ணாம்பின் கணக்கு

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் அல்லைப்பிட்டி. நயினாதீவுக்குப் போகும் யாத்திரிகர்களைக் குறிகட்டுவானில் இறக்கும் பஸ்கள் அந்த ஊர்ப் பனைகளின் ஓரமாகத்தான் ஓடுகின்றன. வழியில் இறங்கும் ஒரு முஸ்லிம் பயணி பனங்கட்டிக் குட்டானைக் கையில் எடுத்து, "இது புளிக்காத கருப்பநீரில் காய்ச்சியதுதானா?" என்று கேட்டால், வீட்டு அடுப்பில் காய்ச்சியவரிடம் எழுத்தில் காட்ட ஒன்றும் இல்லை. அவருடைய சத்தியம் மட்டுமே உண்டு. உழைப்பவரை இந்த நிலையில் நிறுத்தி வைத்திருப்பவர்களை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பாளையில் இருந்து வடியும் நீர் ஒன்றுதான். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள். மதுவ நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே இனிப்பைத் தின்று மதுவாக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பின் காரம் அதைத் தடுக்கிறது. இஸ்லாமிய உணவுச் சட்டம் கோடு கிழிப்பதும் இதே இடத்தில்தான்: போதை தருவது ஹராம், புளிக்காத இனிப்பு நீர் ஹலால். மார்க்க அறிஞரின் கேள்வியும் உணவு விஞ்ஞானியின் கேள்வியும் ஒரே முட்டிக்குள் கிடக்கின்றன.

சுண்ணாம்பு குறைந்தால் நீர் புளிக்கும், கூடினால் பனங்கட்டியின் நிறமும் சுவையும் கெடும். எங்கள் சீவல் தொழிலாளி இந்த அளவை விரலாலும் நாக்காலும் அறிகிறார். அந்தத் திறமையைக் குறை சொல்ல எவருக்கும் வாயில்லை. நிறம் மாறிக் காரத்தைக் காட்டும் மலிவான பீ.எச். தாளைக்கூட அவர் கையில் சேர்க்காதவர்கள் மீதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

பனை அபிவிருத்திச் சபை 1978 இல் உருவானது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. ஆனாலும் பனை என்றதும் அதிகாரத்தின் வாயில் முதலில் வருவது சாராயமும் வரியும்தான். வடிசாலைக்குக் காட்டும் அக்கறையில் கால்பங்காவது கருப்பநீர் அடுப்புக்குக் கிடைக்கக்கூடாதா?

ஹலால் என்ற சொல்லைக் கேட்டதும் ஒதுங்குவோருக்கும் ஒன்று சொல்வோம். 2013 இல் சிங்கள பௌத்தக் கடும்போக்கு அமைப்பான பொதுபல சேனா கிளப்பிய கூச்சலுக்கு நடுவே, உள்நாட்டுச் சந்தைப் பொருள்களில் ஹலால் இலச்சினை கட்டாயமில்லை என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா மார்ச் மாதத்தில் அறிவிக்க நேர்ந்தது. வாங்குபவர் தான் உண்பது என்னவென்று அறியும் உரிமை அன்று இனவாதத்தின் காலடியில் மிதிபட்டது. தெற்கை மட்டும் நோக்கி விரல் நீட்டும் தகுதி எங்களுக்கும் இல்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எங்கள் சந்தை மௌனமாக இருந்தது. திரும்பி வந்தவர்கள் கேட்கும் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது சலுகை ஆகாது. அது எங்கள் கடன்.

சீனிப்பாகு கலந்து பனங்கட்டி என்று விற்போரையும் இதே மூச்சில் கண்டிக்கிறோம். சீனி ஹராம் இல்லை, ஆனால் பொய் எந்த மார்க்கத்திலும் ஆகுமானதல்ல.

எங்கள் கோரிக்கைகள் பெரிய செலவு வைப்பவை அல்ல. நாடா வெட்டிப் படம் எடுத்தபின் உதிரிப்பாகம் இன்றித் துருப்பிடிக்கும் இயந்திரம் எங்களுக்கு வேண்டாம். பீ.எச். தாள், துருப்பிடிக்காத உருக்குத் தாச்சி, வடிதுணி, புகைபோக்கி வைத்த அடுப்பு ஆகியவற்றைத் தீவகத்துக் குடும்பங்களுக்குக் கொடுங்கள். பனம்பழக் களியில் செய்யும் பினாட்டைக் காயவைக்க, மரச்சட்டத்தில் பொலித்தீன் போர்த்திய சூரிய உலர்த்தி போதும்: வெயில் உள்ளே, ஈயும் புழுதியும் வெளியே. முட்டி இறக்கிய நேரமும் காரத்தின் அளவும் எழுதப்படும் ஒரு கொப்பியை ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கமும் பேணட்டும். தனிக் குடும்பத்தால் தாங்க முடியாத ஹலால் சான்றிதழைச் சங்கத்தின் பேரில் பெற்று, அதன் கட்டணத்தைப் பனை அபிவிருத்திச் சபை ஏற்கட்டும்.

அடுத்த சீவல் பருவம் தொடங்குமுன் இவை நடக்கவேண்டும். புளித்த நீரில் எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் அது மறுபடி கருப்பநீர் ஆவதில்லை. மரமேறும் எவருக்கும் தெரிந்த இந்த உண்மை, கதிரையில் இருப்பவர்களுக்கும் தெரியவேண்டும்.