இல்லமும் இயந்திரமும்: பாதி வழியில் உறையும் சர்வர்

திருப்பதியிலிருந்து நம் சங்கத்து அன்பர் ஒருவர் எழுதியுள்ள கடிதம், இம்மாதப் பகுதி முழுவதையும் பெறத் தக்கது. அவருடைய மைந்தர் பழைய கணிப்பொறி ஒன்றில் இரண்டு ஹார்டு டிஸ்குகளைப் பொருத்தி, லினக்ஸ் இட்டு, வீட்டுக்கென ஒரு சர்வர் அமைத்துத் தந்துவிட்டு அயல்நாடு சென்றுள்ளார். குடும்பத்தின் புகைப்படங்கள், சித்தூரில் உள்ள நிலப் பத்திரங்களின் நகல்கள், மறைந்த பாட்டியாரின் குரல் பதிவு யாவும் அதனுள் இருக்கின்றன. சிறு கோப்பு எதனைக் கேட்டாலும் அது உடனே தருகிறது. ஆனால் ஒரு திருமண வீடியோவையோ, படங்கள் நிறைந்த பெருந்தொகுப்பையோ மடிக்கணினிக்கு அனுப்பத் தொடங்கினால், சில நிமிடங்களில் அசைவற்று நின்றுவிடுகிறது. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இட்டால்தான் உயிர் பெறுகிறது. ரவுட்டரையும் கேபிளையும் மாற்றியும் பயனில்லை. இனிச் செய்வது யாது என்று வினவுகிறார்.

நோய் தோன்றும் இடமும் நோயின் வேரும் ஒன்றாகவே இருக்கவேண்டுவதில்லை. சர்வர் சும்மா இருக்கும்போது அதன் உறுப்புகள் பெரும்பாலும் ஓய்வில் இருக்கின்றன. பெரிய கோப்பு ஒன்று புறப்படும்போதோ டிஸ்க், நினைவகமாகிய ராம், பிராஸசர், நெட்வொர்க் சிப், இவை அனைத்துக்கும் மின்சாரம் ஊட்டும் பவர் சப்ளை ஆகிய யாவும் ஒருசேர உழைக்கின்றன. அவற்றுள் எது நலிந்ததோ அது அப்போது வீழ்கிறது. பழியோ நெட்வொர்க்கின்மேல் விழுகிறது. ஆதலின் கடைக்குச் சென்று புதுப் பொருள் வாங்குமுன், குற்றவாளி யார் என்பதைத் தனித்தனியே விசாரித்தல் வேண்டும்.

முதல் விசாரணையே முதல் பாதுகாப்பாகவும் அமைவது நம் நல்வாய்ப்பு. புதிய யூ.எஸ்.பி. டிஸ்க் ஒன்றை வாங்கி, சர்வரின் பின்புறத்தில் நேரே செருகுக. நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, மானிட்டரும் கீபோர்டும் இணைத்து, அனைத்துக் கோப்புகளையும் அதில் படியெடுக்க. கிடைத்தற்கரிய குரல் பதிவையும் பத்திர நகல்களையும் முதலில் எடுத்துவிடுக. படியெடுப்பு தடையின்றி முடிந்தால், உங்கள் செல்வம் ஓரளவு காப்பாற்றப்பட்டது என்பதோடு, டிஸ்கும் ராமும் பெரும்பாலும் குற்றமற்றவை என்பதும் புலனாகும். அங்கும் உறைந்து நின்றால், நெட்வொர்க் நிரபராதி. ராமில் பழுதிருப்பின் படியும் பழுதுபடக்கூடும். ஆதலின் வேறு பழைய படிகள் இருந்தால் அவற்றை இப்போது அழிக்கலாகாது. எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்கின் மின்சாரத்தை அடிக்கடி பறிப்பதும் கோப்புகளுக்குக் கேடு. எனவே இப்படி எடுக்கும்வரை பெரிய தொகுப்புகளை வலை வழியே அனுப்பிச் சோதிக்க வேண்டா.

அடுத்து, அடுத்த முறை உறையும்போது கீபோர்டில் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் சிறுவிளக்கு எரிந்து அணைந்தால் கணிப்பொறி உயிரோடுதான் இருக்கிறது. நெட்வொர்க் மட்டுமே மயங்கியிருக்கக்கூடும். விளக்கு மாறாவிடில் பொறி முழுவதும் உறைந்தது என்க. மீண்டும் இயக்கியபின், முந்தைய இயக்கத்தின் பதிவேட்டைத் திறந்து கடைசி வரிகளைப் படிக்கவும். அனுப்பு வரிசை காலங்கடந்தது என்னும் பொருளில் வரி இருந்தால் நெட்வொர்க் சிப்பையும் அதன் டிரைவரையும் ஐயுறுக. டிஸ்கைப் படிக்க இயலவில்லை என்றிருந்தால் டிஸ்கையும் அதன் சாட்டா கேபிளையும் ஐயுறுக. எவ்விதக் குறிப்புமின்றிப் பதிவேடு சட்டென்று முடிந்திருந்தால் மின்சாரம், வெப்பம், ராம் ஆகிய மூன்றும் முன்னணியில் நிற்கும்.

கேபிளைப் பற்றி ஒரு சொல். வினாடிக்கு ஆயிரம் மெகாபிட் வேகத்துக்குக் கேபிளின் நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும். நூறு மெகாபிட்டுக்கு இரண்டு இணைகளே போதும். ஆகவே கேபிள் கெட்டால், வினாடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் செல்லவேண்டிய இடத்தில் 11 மெகாபைட் செல்லும். அல்லது தொடர்பு விட்டுவிட்டு வரும். கெட்ட கேபிள் கணிப்பொறியையே உறையவைப்பது அரிது. நம் அன்பர் கேபிளை மாற்றியும் பயன் காணாததில் வியப்பில்லை.

நெட்வொர்க் சிப்தான் காரணம் என்று தோன்றினால், ஐபெர்ஃப் என்னும் இலவச நிரல், டிஸ்கைத் தொடாமல் நெட்வொர்க்கில் மட்டும் சுமையேற்றிக் காட்டும். அரை மணி நேரம் ஓட்டுக. அதிலேயே உறைந்தால், லினக்ஸைப் புதுப்பித்துப் பார்க்கலாம். விலை குறைந்த மதர்போர்டுகளில் பரவலாகக் காணப்படும் ரியல்டெக் சிப்புகள் சிலவற்றில், மின்சேமிப்பு அமைப்பை நிறுத்தியதும் இத்தொல்லை தீர்ந்ததுண்டு. அதுவும் பயன்படாவிடில் தனி நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செருகுவதே எளிய வழி.

பொறி முழுவதும் உறைவதாயின், மெம்டெஸ்ட் என்னும் சோதனையை ஓர் இரவு முழுதும் ஓடவிடுக. ஒரேயொரு பிழை வந்தாலும் அந்த ராம் ஆகாது. பிறகு வெப்பத்தை நோக்குக. சித்தூர், திருப்பதிப் பக்கத்துக் கோடை 40 பாகையைத் தாண்டும் என்பதை நாம் அறிவோம். அலமாரிக்குள்ளோ பரண்மேலோ அடைத்து வைத்த பெட்டி அதற்கும் மேலான வெப்பத்தில் வேகும். பவர் சப்ளையில் உள்ள மின்தேக்கிகள், பத்துப் பாகை வெப்பம் ஏறுந்தோறும் தம் ஆயுளில் ஏறத்தாழப் பாதியை இழப்பவை. தூசியைத் துடைத்து, விசிறி சுழல்கிறதா என்று கண்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்துச் சோதிக்கவும். நலமான பவர் சப்ளை ஒன்றை நண்பரிடம் இரவலாகப் பெற்றுப் பொருத்திப் பார்ப்பது செலவில்லாத சோதனை. பழையதைத் திறந்து பார்க்க மட்டும் முற்படாதீர்கள். அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

உறைவதுபோல் தோன்றி உறையாத நிலையும் உண்டு. சில டிஸ்குகள், கூரை ஓடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு தடங்களை எழுதுகின்றன. அவற்றில் நெடுநேரம் தொடர்ந்து எழுதினால் வேகம் மிகவும் குன்றிவிடும். சர்வருக்கென விற்கப்பட்ட டிஸ்குகள் சிலவும் இவ்வகையின என்பது 2020-இல் வெளிப்பட்டுப் பெரிய வாதத்துக்கு இடமாயிற்று. சர்வருக்குக் கோப்பை அனுப்பும்போது மட்டும் நிற்பதாயின், பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். தானே நகரத் தொடங்கினால் இதுவே காரணமாகலாம்.

இவற்றுள் எதைச் செய்தாலும் ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. ரவுட்டர், கேபிள், ராம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், குணம் கண்டாலும் மருந்து எதுவென்று தெரியாது. தேதியிட்டு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். சர்வரின் கடவுச்சொல்லும், எந்தத் தட்டில் எது இருக்கிறது என்பதும் அந்நோட்டிலேயே இருக்கட்டும். இன்று அவ்வறிவு முழுவதும் கடல் கடந்த மைந்தரிடமே இருக்கிறதல்லவா?

இதன் அருமையை நம் திருமலையே கற்பிக்கிறது. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் (1408–1503) கீர்த்தனைகளைச் செப்பேடுகளில் பொறித்து, கோயிலினுள் ஒரு கல் அறையில் வைத்தனர். செம்பு அழியவில்லை, ஆயினும் ஏடுகள் அங்கிருப்பதை உலகம் மறந்தது. 1922-ஆம் ஆண்டளவில்தான் அவை மீண்டும் கவனத்துக்கு வந்தன. அவர் 32,000 கீர்த்தனைகள் பாடினார் என்பது மரபு. நமக்குக் கிட்டியவை அதில் பாதிக்கும் குறைவே.

ஒன்றையொன்று பிரதிபலிக்கும் இரண்டு டிஸ்குகள் ஒரே பெட்டியில் இருப்பது இரண்டு படிகள் ஆகாது. தவறி அழித்த கோப்பு இரண்டிலும் அழியும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே சர்வரில் ஒன்று, வீட்டு அலமாரியில் ஒன்று, வேலூரிலோ சென்னையிலோ உள்ள உறவினர் இல்லத்தில் ஒன்று என மூன்று படிகள் வைப்பதே முறை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவற்றைத் திறந்து, பாட்டியாரின் குரல் கேட்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பர் தம் சோதனைகளின் முடிவை எழுதினால் அடுத்த இதழில் வெளியிடுவோம். மின்வெட்டின்போது சர்வரைத் தானே நிறுத்தச் செய்யும் யூ.பி.எஸ். பற்றியும் அப்போது விளக்குவோம்.