முடிவுக்கு முந்தைய வெறுமை

வாக்குப்பதிவு முடிந்துவிடுகிறது, முடிவு வரவில்லை. இடைப்பட்ட நாள்களில் 24 மணி நேரச் செய்தித் தொலைக்காட்சிகள் எதைத்தான் ஒளிபரப்பும்? ஒவ்வொரு தேர்தலின்போதும் எழுகிற இந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்துள்ள விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை.

2011-ல் தமிழகமும் கேரளமும் ஏப்ரல் 13 அன்று வாக்களித்துவிட்டு, மே 13 வரை முடிவுக்காகக் காத்திருந்தன. 2021-ல் ஏப்ரல் 6 முதல் மே 2 வரை 26 நாள்கள். 2024 மக்களவைத் தேர்தலோ ஏப்ரல் 19 தொடங்கி ஜூன் 1 வரை 7 கட்டங்களாக நீண்டது. முதல் கட்டத்திலேயே வாக்களித்த தமிழகம் ஜூன் 4 வரை 46 நாள்கள் காத்திருந்தது. இரண்டாம் கட்டமான ஏப்ரல் 26 அன்று வாக்களித்த கேரளத்துக்கு 39 நாள் காத்திருப்பு.

திருவனந்தபுரம் நகரில், ஆற்றங்கரையையொட்டிய அக்கிரகாரத் தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் கரமனைக்கு இந்தக் காத்திருப்பு நன்கு பழகிப்போன ஒன்று. கரமனை அடங்கிய நேமம் சட்டப்பேரவைத் தொகுதிதான் 2016-ல் ஓ. ராஜகோபாலைத் தேர்ந்தெடுத்துக் கேரளத்தில் பாரதிய ஜனதாவின் கணக்கைத் தொடங்கிவைத்தது. 2021-ல் வி. சிவன்குட்டி வென்று அந்தக் கணக்கு முடிக்கப்பட்டபோதும் மாநிலத்தின் பார்வை அங்கேயே குவிந்திருந்தது. பிரசாரக் காலத்தில் இத்தகைய தொகுதிகளின் தெருமுனைகளில் ஒலிவாங்கிகள் நீளும்; தேநீர்க் கடைகள் விவாத அரங்குகளாகும். வாக்குப்பதிவு இயந்திரங்கள் காப்பறைக்குச் சென்றதும், கேமராக்களும் அந்தத் தெருக்களைவிட்டுச் சென்றுவிடுவதே வழக்கம்.

அதன் பிறகு பேசுவதற்கு என்ன இருக்கிறது? வாக்குக் கணிப்பை வெளியிடவும் வழியில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஏ பிரிவு, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை அதற்குத் தடை விதிக்கிறது. வெற்றி வாய்ப்புகளைப் பற்றி ஆறு பேர் அமர்ந்து ஊகிக்கலாம். அதுவும் மூன்று நாள்களில் சலித்துவிடும்.

2024-ல் கேரளத் தொலைக்காட்சிகளுக்கு அந்தச் சலிப்பு வாய்க்கவில்லை. வாக்குப்பதிவு நாளன்றே, இடது ஜனநாயக முன்னணியின் அன்றைய ஒருங்கிணைப்பாளர் இ.பி. ஜெயராஜன், பாஜக தலைவர் பிரகாஷ் ஜாவடேகரைச் சந்தித்ததை ஒப்புக்கொண்டார். மறுநாள் இரவு, திருவனந்தபுரம் பாளையத்தில், அன்றைய மேயர் ஆர்யா ராஜேந்திரனுக்கும் கேரள அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கும் இடையே தகராறு மூண்டது. ஓட்டுநர் ஆபாசமாகச் சைகை காட்டினார் என்பது மேயர் தரப்புப் புகார். பேருந்தை மறித்துப் பணி செய்யவிடாமல் தடுத்தனர் என்பது ஓட்டுநர் தரப்புப் புகார். பேருந்தின் கேமராவிலிருந்த நினைவு அட்டை காணாமல் போனதும் ஒரு சாலைத் தகராறு மர்மத் தொடராகவே மாறியது. யார் யாரை முந்தினார், யார் முதலில் இறங்கினார், பேருந்துக்குள் ஏறியது யார் என்று இரவுதோறும் விசாரணை நடந்தது. விசாரித்தது நீதிமன்றமல்ல, தொலைக்காட்சி நிலையம்.

இது செய்தியே அல்ல என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒரு பெண்ணின் கண்ணியம், ஓர் ஊழியரின் உரிமை, அதிகாரத்தில் இருப்பவர் நடந்துகொள்ள வேண்டிய முறை ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருந்தன. செய்தியாக வெளியிட்டதில் தவறில்லை, அளவில்தான் தவறு. காவல்துறையும் நீதிமன்றமும் முடிவு செய்ய வேண்டிய ஒன்றை, புதிய தகவல் எதுவும் இல்லாத நாள்களிலும் தலைப்புச் செய்தியாக நீட்டிக்க நேர்ந்தது ஏன்?

விடை பொருளாதாரத்தில் இருக்கிறது. மூன்றரைக் கோடி மக்கள்தொகை கொண்ட கேரளத்தில், மலையாளச் செய்தித் தொலைக்காட்சிகள் மட்டும் ஏறத்தாழ பத்து. தேர்தல் காலத்தில் கட்சிகள் தரும் விளம்பரம் வாக்குப்பதிவுடன் வற்றிவிடுகிறது. ஆனால் பார்வையாளர்களுக்கான போட்டி நிற்பதில்லை. நான்கு விருந்தினர்களை அழைத்து ஒரு மணி நேரம் வாதிட வைப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஒரு கால்வாய் ஏன் தூர்வாரப்படவில்லை என்று கண்டறிய ஒரு செய்தியாளரும் ஓர் ஒளிப்பதிவாளரும் பல நாள் அலைய வேண்டும். ஒப்பந்த ஆவணங்களைத் தேடிப் படிக்க வேண்டும். மலிவானதே திரையை நிரப்புகிறது.

அந்த 39 நாள்களில் கேட்பதற்குக் கேள்விகளா இல்லை? 2019-ல் கேரளத்தில் 77 சதவீதத்தைத் தாண்டிய வாக்குப்பதிவு 2024-ல் ஏறத்தாழ 71 சதவீதமாகச் சரிந்தது ஏன் என்பது பல வாரங்கள் ஆராயத்தக்க கேள்வி. பாலக்காடு வெப்ப அலையில் தகித்தது. மாநிலத்தின் மின் தேவை முன்னெப்போதும் இல்லாத உச்சத்தைத் தொட்டது. கரமனையிலிருந்து தமிழக எல்லை நோக்கிச் செல்லும் களியக்காவிளைச் சாலையை அகலப்படுத்தும் பணியோ ஆண்டுக்கணக்கில் துண்டு துண்டாகவே நடந்துவந்தது.

இவை அனைத்திலும் அவசரமானது, வரவிருந்த பருவமழை. 2023 அக்டோபரில் பெய்த பெருமழையில் திருவனந்தபுரத்தின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. அந்த நினைவு மறைவதற்குள் அடுத்த மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கால்வாய்கள் தூர்வாரப்பட்டனவா, குப்பை அகற்றப்பட்டதா, பொறுப்பு யாருடையது என்று கேட்பதற்கு ஏப்ரல், மே மாதங்களே உரிய காலம். தேர்தல் நடத்தை விதிகள் புதிய திட்டங்களை அறிவிப்பதைத்தான் தடுக்கின்றன. நடந்துவரும் பணிகளை முடக்குவதில்லை. அமைச்சர்கள் அடங்கியிருந்து அதிகாரிகளே நிர்வாகத்தை நடத்தும் அந்த இடைவெளியில்தான் ஊடகத்தின் கண்காணிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

2024 ஜூலை 13 அன்று, தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் ஆமையிழஞ்சான் கால்வாயில் குப்பையை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், மழை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். மலைபோல் குவிந்த குப்பைக்கிடையே தேடுதல் நடந்தது. ஜூலை 15 அன்று அவரது உடல்தான் கிடைத்தது. கால்வாயைத் தூய்மைப்படுத்தும் பொறுப்பு யாருடையது என்று ரயில்வேயும் மாநகராட்சியும் ஒன்றையொன்று கைகாட்டின. கேரள உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அப்போது எல்லாத் தொலைக்காட்சிகளின் கேமராக்களும் அங்கே நின்றன.

மேயர்–ஓட்டுநர் தகராறு நடந்த பாளையத்திலிருந்து அந்தக் கால்வாய் நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. மே மாதத்தில் அதைக் காட்டியிருந்தால் அந்தத் தொழிலாளி பிழைத்திருப்பார் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆனால், ஓர் உயிர் போன பிறகு எழுந்த 'யார் பொறுப்பு' என்ற கேள்வியை, மழைக்கு முன்னரே எழுப்பியிருக்க முடியும். நேரம் இருந்தது, கேமரா இருந்தது, பார்வையாளர்களும் இருந்தார்கள்.

காத்திருப்பின் இறுதியில் கிடைத்ததாவது பயனுள்ளதாக இருந்ததா? ஜூன் 1 மாலையில் வெளியான வாக்குக் கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கும் மேல் அளித்தன. மூன்று நாள்களில் வந்த உண்மை 293. பாஜகவுக்குத் தனித்துக் கிடைத்தவை 240. கரமனை வாக்காளர்களை உள்ளடக்கிய திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் சசி தரூர் 16,077 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். ஊகங்களுக்காகச் செலவிட்ட நேரம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

இடைவெளியைச் சுருக்குவது தேர்தல் ஆணையத்தின் கையில் இருக்கிறது. பிரிட்டனில் 2024 ஜூலை 4 அன்று வாக்களித்தவர்கள் மறுநாள் காலையில் புதிய அரசு யாருடையது என்று அறிந்துகொண்டார்கள். பாதுகாப்புப் படைகளை மாநிலம் மாநிலமாக நகர்த்த வேண்டிய இந்தியாவில் அது எளிதல்ல. ஆயினும் 7 கட்டங்களைக் குறைக்க வழி காணப்பட வேண்டும்.

இடைவெளியைப் பயனுள்ளதாக்குவது ஊடகங்களின் கையில் இருக்கிறது. அதே பிரிட்டனில், பிபிசி தனது உரிமக் கட்டண வருவாயில் ஒரு பகுதியைச் செலவிட்டு, உள்ளாட்சி மன்றங்களைக் கவனிப்பதற்கென்றே 150-க்கும் மேற்பட்ட செய்தியாளர்களை உள்ளூர்ச் செய்தி நிறுவனங்களில் அமர்த்த வழிசெய்திருக்கிறது. மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் பிரசார் பாரதி அத்தகைய முயற்சியைத் தொடங்கினால், தனியார் தொலைக்காட்சிகளுக்கும் அது ஒரு முன்மாதிரியாகும். வேட்பாளர்கள் அளித்த வாக்குறுதிகளைத் தெருத் தெருவாகச் சென்று பதிவு செய்வதற்கும், பதவிக்காலம் முடிந்த மக்களவையில் தொகுதியின் உறுப்பினர் எழுப்பிய கேள்விகள் எவை, தொகுதி மேம்பாட்டு நிதி எங்கே செலவானது என்று கணக்குப் பார்ப்பதற்கும் இதைவிட நல்ல காலம் வேறில்லை.

வாக்குப்பதிவு முடிந்ததும் ஓய்வெடுக்கும் உரிமை வேட்பாளர்களுக்கு உண்டு. வாக்காளரின் அன்றாடப் பிரச்னைகளுக்கு ஓய்வில்லை. அவற்றைச் சொல்ல நேரமில்லை என்று எந்தத் தொலைக்காட்சியும் கூற முடியாத காலம் ஒன்று உண்டென்றால், அது வாக்குப்பதிவுக்கும் வாக்கு எண்ணிக்கைக்கும் இடைப்பட்ட காலம்தான்!