வென்ற பிறகும் விடைத்தாளைப் பார்த்தவர்கள்!



விடைத்தாள் கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? மதிப்பெண்ணைத்தானே! பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் நான்; எனக்குத் தெரியாதா? 90 வாங்கிய பிள்ளை, தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடும். மீதி 10 மதிப்பெண் எங்கே போனது என்று திருப்பிப் பார்ப்பவர் வகுப்புக்கு ஓரிருவர்தான்.

நம் நாடு ஒருமுறை அப்படித் திருப்பிப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1999ம் ஆண்டு. இன்றைய லடாக்கில் உள்ள கார்கில் மலைப்பகுதி. பனிக்காலத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத சிகரங்களில் பாகிஸ்தான் படையினர் ரகசியமாக ஏறி அமர்ந்துகொண்டனர். மே மாதத் தொடக்கத்தில் அதை முதலில் பார்த்துச் சொன்னவர்கள் யார் தெரியுமா? அங்கே கால்நடை மேய்க்கும் ஏழை மக்கள்! மேலே இருந்து குண்டு பொழிய, நம் வீரர்கள் கீழிருந்து ஏறினர். 16,000 அடிக்கும் மேலான டைகர் மலையையும் மீட்டனர். ஜூலை 26ல் வெற்றி கிடைத்தது. அதற்கு நாம் கொடுத்த விலை, 527 வீரர்களின் உயிர்.

நாடே இனிப்பு வழங்கிக் கொண்டாடியது. ஆனால், மூன்றே நாளில், ஜூலை 29 அன்று, அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர், திருச்சியில் பிறந்த கே.சுப்ரமணியம். குழுவுக்கு முன் இருந்த கேள்வி, 'எதிரி இவ்வளவு தூரம் வந்தது நமக்கு ஏன் தெரியவில்லை?'

குழு மறைக்காமல் எழுதியது. ஆளுக்குக் கொஞ்சம் தகவல் வைத்திருந்தனர். அதை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத்தான் சரியான ஏற்பாடு இல்லை. ராணுவத்தில் வீரர்களின் வயதும் குறைய வேண்டும் என்றது.

குழந்தைகளே, நம் தரைப்படையில் சுமார் 12 லட்சம் பேர் இருக்கின்றனர். இவ்வளவு பெரிய படையை மாற்றுவது, சைக்கிளைத் திருப்புவது போல் சுலபமல்ல. ரயிலைத் திருப்புவது போல!

சில மாற்றங்கள் வந்தன. எதிரியின் பீரங்கி எங்கிருந்து சுடுகிறது என்று காட்டும் ரேடார் அப்போது நம் வீரர்களிடம் இல்லை. பின்னர் நம் விஞ்ஞானிகளே 'ஸ்வாதி' என்ற ரேடாரை உருவாக்கினர். பறந்து வரும் குண்டின் பாதையை அளந்து, அது கிளம்பிய இடத்தைச் சொல்லிவிடும்.

ஆனால், கருவி வாங்குவதைவிடப் பழக்கத்தை மாற்றுவது கடினம். தரை, கடல், வான் என முப்படைகளையும் ஒருங்கிணைக்க ஒரு தலைமைத் தளபதி வேண்டும் என்று 2001ல் அமைச்சர்கள் குழு பரிந்துரைத்தது. யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற பேச்சிலேயே ஆண்டுகள் ஓடின. முதல் தலைமைத் தளபதியாக பிபின் ராவத் பொறுப்பேற்றது 2020 ஜனவரி 1ல்! பரிந்துரை வந்தபோது பிறந்த குழந்தை, அதற்குள் கல்லூரிக்கே போயிருக்கும்.

படையின் வயதைக் குறைக்க, 2022ல் 'அக்னிபத்' திட்டம் வந்தது. சேருபவர்கள் நான்கு ஆண்டு பணிபுரிவர். அதன்பின் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாகத் தொடர முடியும். படை இளமையாகும் என்கின்றனர் ஒரு சாரார். வெளியே வரும் மற்றவர்களின் எதிர்காலம் என்ன என்று கேட்கின்றனர் மறு சாரார். இரண்டுமே நியாயமான பேச்சுதான். மாற்றம் என்றால் அதில் மனிதர்களின் வாழ்க்கையும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

புதிய துப்பாக்கியும் டாங்கியும் வந்துவிட்டால் ராணுவம் நவீனமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 'இங்கே தவறினோம்' என்று துணிந்து எழுதுவது முதல் படி. எழுதியதைக் காலம் கடத்தாமல் செய்வது இரண்டாம் படி. முதல் படியை நாம் மூன்று நாளில் தொடங்கினோம், இரண்டாவதில்தான் தாமதித்தோம். மலையில் உயிர் கொடுத்த 527 பேருக்கு நாம் பட்ட கடன், அந்த இரண்டாம் படியில்தான் இருக்கிறது.

சரி, போன தேர்வின் விடைத்தாள் உங்கள் பையில்தானே இருக்கிறது? இன்று மாலை அதை எடுங்கள். போன மதிப்பெண்ணைத் தேடுங்கள். தேடியதை நாளைக்கே திருத்துங்கள்!