விறகுக் கொட்டகை பட்டறையாகட்டும்



நம் ஊர்களின் பழைய வீடுகள் பலவற்றில், கொல்லைப்புறத்தில் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை இருக்கும். முன்னோர் அதில் விறகும் வறட்டியும் அடுக்கினர், ஆடு கட்டினர். எரிவாயு அடுப்பு வந்தபின் விறகு போயிற்று. இப்போது உடைந்த நாற்காலிகளும் துருப்பிடித்த மிதிவண்டிகளும் அங்கே அடைந்து கிடக்கின்றன. அந்த இடத்தை ஓய்வுநேரக் கைவேலைக்குரிய பட்டறையாக மாற்றுவது பற்றிச் சிந்தியுங்கள்.

வளைகுடா நாடுகளில் பல்லாண்டுகள் உழைத்துத் திரும்பிய தந்தையர் நம்மிடையே ஏராளம். வளர்ந்த மகனிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் அவர்கள் திண்ணையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். தந்தை பலகையைப் பிடித்துக்கொள்ள மகன் ரம்பம் இழுக்கும்போது, பேச்சு தானாகவே பிறக்கும். அறிவுரையால் நெருங்காத உள்ளங்களும் வேலையால் நெருங்கும்.

கைவேலையைத் தாழ்வாக எண்ணுவோர் இறைத்தூதர்களின் வாழ்வை நினைத்துப் பார்க்க வேண்டும். நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டினார்கள். தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கவசம் செய்யப் பணித்ததைத் திருக்குர்ஆனின் 34ஆம் அத்தியாயத்தில் காணலாம். ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்ததை ஸஹீஹ் முஸ்லிம் அறிவிக்கிறது. நம் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டுக் கொண்டதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள்.

ஆணி அடிக்கும் முன் ஒரு கடமை உண்டு. அந்தக் கொட்டகை பாகம் பிரிக்கப்படாத சொத்தாயின், உடன்பிறந்தார் அனைவரின் சம்மதத்தையும் பெறுங்கள். மணமாகி வெளியூர் சென்ற சகோதரிக்கும் அதில் பங்கு உண்டு; அப்பங்கை அல்லாஹ்வே நிர்ணயித்திருக்கிறான். 'பாழடைந்த கொட்டகைதானே' என்னும் வாதம் அவளது உரிமையை நீக்கிவிடாது.

பின்னர் வேலையைத் தொடங்குங்கள். பழைய விறகின் அடியில் தேளும் பாம்பும் தங்கும். ஆதலால் பகல் வெளிச்சத்தில், காலணியும் கையுறையும் அணிந்து காலி செய்யுங்கள். உத்திரத்தையும் கைமரங்களையும் உளியால் குத்திப் பாருங்கள். உளி எளிதில் இறங்கினால் அது உளுத்த மரம், மாற்றியே ஆகவேண்டும். கூரை கல்நார்த் தகடாக இருந்தால் அதை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். ஓட்டுக் கூரையில் இரண்டு மூன்று கண்ணாடி ஓடுகளைப் பதித்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் வெளிச்சம் பெருகும். மழைநீர் புகாதவாறு தரையை அரையடி உயர்த்துங்கள்.

வீட்டிலிருந்து தளர்ந்த கம்பியை இழுத்து மின்சாரம் எடுப்பது ஆபத்து. தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு நில இணைப்பும், மின்கசிவு நேர்ந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சாதனமும் பொருத்துங்கள்.

நின்றவாறு கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எட்டும் உயரமே வேலைமேசைக்கு ஏற்றது. ஒரு ரம்பம், ஓர் இழைப்புளி, இரண்டு உளிகள், சுத்தியல், மூலைமட்டம் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். வார்னிஷும் டர்பன்டைனும் சிறுவர் கைக்கு எட்டாமல் பூட்டியிருக்கட்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே தீப்பற்றக்கூடும். வெளியில் விரித்து உலர்த்துங்கள்.

முதலில் ஒரு முக்காலி செய்யுங்கள். கை பழகியதும், குர்ஆன் வைத்து ஓதும் ரைஹால் பலகையைச் செய்து, அதை வீட்டின் மூத்தவருக்கு அளியுங்கள். பெண்மக்களையும் இவ்வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். உளி பிடிக்கும் திறமை ஆண்களுக்கு மட்டும் உரியதன்று.

அண்டை வீட்டாரின் உரிமையையும் மறவாதீர்கள். சுவருக்கு அப்பால் நோயாளி உறங்கலாம், குழந்தை கண்ணயரலாம். இஷாவுக்குப் பின் சுத்தியல் ஓசை கேட்க வேண்டாம். பாங்கு ஒலித்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டுத் தந்தையும் மகனும் ஒன்றாகப் பள்ளிவாசலுக்குப் புறப்படட்டும்.

ஆரோக்கியமும் ஓய்வும் மனிதரில் பலர் வீணாக்கிவிடும் அருட்கொடைகள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு உணர்த்தியுள்ளார்கள். அவ்விரண்டையும் பயனுள்ள வழியில் செலவிடும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நம் இல்லங்களுக்கு அருள்வானாக! ஆமீன்.