பணத்துக்கு வாய் முளைத்த நாடு

உலகத்துக்கே ஜனநாயகப் பாடம் நடத்தும் தேசம் என்று அமெரிக்காவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்கள் நம்மிடையே குறைவில்லை. நம் சங்கக் கூட்டங்களிலும் அந்தக் குரல் கேட்கத்தான் செய்கிறது. "இங்கே கறுப்புப் பணத்தில் தேர்தல் நடக்கிறது. அங்கே பாருங்கள், எவர் எவ்வளவு கொடுத்தார் என்று கணக்கு எழுதி ஊரறிய வைக்கிறார்கள். நாமும் கம்பெனிகளைத் தாராளமாகக் கொடுக்க விட்டு, கணக்கை மட்டும் கேட்டு வாங்கினால் போதாதா?" என்பது அவர்கள் வாதம். படித்தவர்கள் சொல்லும் வாதம். ஆகவே கணக்கோடு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கணக்கு எழுதி வைப்பதால் அநீதி நீதியாகி விடாது என்பதே நம் பதில். அமெரிக்காவில் பணம் கொல்லைப்புறமாகத் தேர்தலுக்குள் நுழையவில்லை. சட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, நீதிமன்றத்தின் ஆசியோடு, முன்வாசல் வழியாக நுழைந்தது. அதனால்தான் அதை வெளியேற்ற வழியின்றி அந்நாட்டு மக்கள் திணறுகிறார்கள்.

கம்பெனிக்குக் கதவடைத்த காலம்

அமெரிக்க மக்கள் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். 1896 ஜனாதிபதித் தேர்தலில் மெக்கின்லிக்காக நிதி திரட்டிய மார்க் ஹன்னா, வங்கிகளிடமும் பெருந்தொழில் கம்பெனிகளிடமும் வரி தண்டுவது போலத் தண்டினார். ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி மட்டும் 2,50,000 டாலர் கொடுத்தது. எதிர்த்து நின்ற பிரையனுக்குக் கடனில் மூழ்கிய விவசாயிகளின் ஆதரவு இருந்தது, காசு இல்லை. மெக்கின்லி வென்றார்.

1905-இல் நியூயார்க்கில் நடந்த விசாரணையில் இன்னொன்று அம்பலமாயிற்று. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பாலிசிதாரர்கள் கட்டிய பணத்தை எடுத்து ரிபப்ளிகன் கட்சியின் தேர்தல் செலவுக்குக் கொடுத்திருந்தன. குடும்பத் தலைவன் கண் மூடினால் பெண்டு பிள்ளைகளுக்கு ஆகும் என்று கட்டிய பணம்! நாடு கொதித்தது. 1907-இல் டில்மன் சட்டம் வந்தது. பெடரல் தேர்தல்களில் கம்பெனிகள் வேட்பாளருக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று அது தடுத்தது.

மொண்டானா மாநிலத்தின் கதை இதைவிடக் கூர்மையானது. செப்புச் சுரங்க முதலாளி வில்லியம் கிளார்க் 1899-இல் ஸெனட் பதவியைப் பிடித்தார். அந்நாளில் ஸெனட்டர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாநிலச் சட்டசபை உறுப்பினர்கள். அவர்களுக்கு லஞ்சம் கொடுத்தே இவர் வந்தார் என்று ஸெனட் கமிட்டியே கண்டறிந்தது. பதவி பறிபோகும் நிலையில் 1900-இல் ராஜினாமா செய்தவர், 1901-இல் அதே ஸெனட்டுக்கு மறுபடி வந்து உட்கார்ந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மொண்டானா மக்கள், 1912-இல் நேரடி வாக்கெடுப்பின் மூலம் தாங்களே ஒரு சட்டம் செய்துகொண்டார்கள். கம்பெனிப் பணம் எங்கள் தேர்தலில் செல்லாது என்றார்கள்.

நூறு ஆண்டுகள் நின்ற அந்தச் சட்டத்தை 2012-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அடித்துத் தள்ளியது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். வாய்மொழி வாதம் கூடக் கேட்கவில்லை. இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது?

பணமே பேச்சு என்ற தீர்ப்பு

வாட்டர்கேட் ஊழலில் நிக்ஸன் பதவி இழந்த 1974-இல், அமெரிக்கக் காங்கிரஸ் கடுமையான தேர்தல் நிதிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நன்கொடைக்கு உச்சவரம்பு, செலவுக்கும் உச்சவரம்பு, மேற்பார்வைக்கு ஒரு கமிஷன். 1976 ஜனவரியில் பக்லி வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதில் பாதியை வெட்டி எறிந்தது. நன்கொடை வரம்பு இருக்கலாம். செலவு வரம்பு கூடாது. வேட்பாளர் தம் சொந்தப் பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்கலாம் என்றது. காரணம்? பணம் இல்லாமல் பிரசாரம் இல்லை. ஆகவே பணத்துக்கு வரம்பு போட்டால் பேச்சுக்கு வரம்பு போட்டதாகிவிடும். சிலர் குரலைத் தாழ்த்தி மற்றவர் குரலைச் சமமாக்க நினைப்பது அரசியல் சட்டத்துக்கே அந்நியம் என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது.

இந்த வாதத்தை நிறுத்தி யோசிக்க வேண்டும். மைதானத்தில் ஒருவர் தொண்டை வறளக் கத்துகிறார். பக்கத்தில் இன்னொருவர் நூறு ஒலிபெருக்கி கட்டிப் பேசுகிறார். ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னால் பேச்சுரிமை பறிபோயிற்று என்கிறார்கள். கேட்க முடியாமல் போன முதல் மனிதரின் பேச்சுரிமை எந்தக் கணக்கில்?

2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் கடைசித் தாழ்ப்பாளும் கழன்றது. கம்பெனிகள் தங்கள் கஜானாவிலிருந்து தேர்தல் பிரசாரத்துக்கு வரம்பின்றிச் செலவழிக்கலாம், வேட்பாளர் கையில் நேரே கொடுக்காமல் இருந்தால் சரி என்று அதே ஐந்துக்கு நான்கு கணக்கில் தீர்ப்பாயிற்று. தொழிற்சங்கங்களுக்கும் அந்த உரிமை உண்டே என்று சமாதானம் சொல்கிறார்கள். அமெரிக்காவில் பத்துத் தொழிலாளரில் ஒருவர்தான் சங்கத்தில் இருக்கிறார். ஆனையையும் ஆட்டையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டு, இருவருக்கும் ஒரே இலை என்பது சமத்துவமா?

அந்த ஆண்டே "சூப்பர் பேக்" என்ற குழுக்கள் முளைத்தன. வேட்பாளருக்கு நேராகக் கொடுத்தால் 2025-26 கணக்குப்படி ஒரு தேர்தலுக்கு ஒருவர் 3,500 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. அவருக்காகத் தனியே செலவழிக்கும் சூப்பர் பேக்குக்குக் கோடி கோடியாகக் கொட்டலாம்! முன்கதவுக்குப் பூட்டு, பக்கத்துச் சுவரே இல்லை.

ஒரு கூலிக் கணக்கு

2024 தேர்தலில் டிரம்பையும் அவர் கட்சியையும் ஆதரித்து எலான் மஸ்க் என்ற ஒரே மனிதர் செலவழித்த தொகை 25 கோடி டாலருக்கு மேல். அமெரிக்காவின் பெடரல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுவதும் ஒரு நாள் ஓய்வின்றி உழைத்தால் 15,080 டாலர். அந்த 25 கோடியைச் சம்பாதிக்க அந்தத் தொழிலாளி 16,000 ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும், உண்ணாமலும் உடுத்தாமலும். இருவருக்கும் ஆளுக்கு ஒரு வாக்குதான் என்று சொல்லி நம்மைச் சமாதானப்படுத்துகிறார்கள்! டிரம்ப் பதவியேற்ற 2025 ஜனவரியிலேயே அரசாங்க இலாகாக்களை வெட்டிச் சுருக்கும் வேலை மஸ்கின் மேற்பார்வையில் தொடங்கியது. எந்தத் தொகுதி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்?

இது ஒரு கட்சியின் நோய் என்று யாரும் எண்ண வேண்டாம். 1976 முதல் நடப்பில் இருந்த பொது நிதித் திட்டத்தை, செலவுக்கு வரம்பு ஏற்க வேண்டியிருக்கும் என்பதற்காக, பொதுத் தேர்தலில் முதன்முதலாக உதறிய பெரிய கட்சி வேட்பாளர் 2008-இல் டெமாக்ரடிக் கட்சியின் ஒபாமாதான். 2024-இல் கமலா ஹாரிஸ் நின்றபோது மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்தது; நம்மவர் வழி வந்தவர் என்று நாமும் மகிழ்ந்தோம். அவர் திரட்டிய தேர்தல் நிதி 100 கோடி டாலரைத் தாண்டியது. உண்டியல் முன்னால் இரு கட்சிகளும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன.

தோற்ற பணமும் உண்டே என்பவர்களுக்கு

"ஹாரிஸ் தோற்றாரே! 2020-இல் புளூம்பெர்க் சொந்தப் பணம் ஏறக்குறைய 100 கோடி டாலரை இறைத்து, அமெரிக்க சமோவா என்ற தீவுப் பகுதியில் மட்டும் ஜெயித்தாரே! 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநில நீதிபதி தேர்தலில் மஸ்கின் கோடிகள் பலிக்கவில்லையே! பிறகு பணம் எப்படி ஆள்கிறது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மக்கள் சிலசமயம் பணத்தைத் தோற்கடிக்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் பணத்தின் முக்கிய வேலை இருவரில் ஒருவரை ஜெயிக்க வைப்பதல்ல. இருவருமே எதைத் தொட மாட்டார்கள் என்று முன்கூட்டித் தீர்மானிப்பதுதான்.

அந்த 7.25 டாலர் கூலியையே எடுத்துக்கொள்வோம். 2009 ஜூலையில் அமலுக்கு வந்த கூலி அது. விலைவாசி ஏறியும், காங்கிரஸ் அதன்பின் அதை உயர்த்தவில்லை. பல மாநிலங்கள் தம் அளவில் உயர்த்திக்கொண்டன. மக்களுக்கு விருப்பமில்லையா? 2020-இல் புளோரிடா மாநிலத்தில் டிரம்ப் வென்ற அதே நாளில், கூலியைப் படிப்படியாக 15 டாலராக உயர்த்தும் தீர்மானத்துக்கு 60 சதவீதத்துக்கு மேல் மக்கள் வாக்களித்தார்கள். கட்சி பேதமின்றி உழைப்பவன் ஒன்றுபட்டான். நாலு மாதம் கழித்து, 2021 மார்ச்சில், அதே 15 டாலர் ஸெனட்டுக்கு வந்தது. ஆதரவு 42, எதிர்ப்பு 58. எதிர்த்த கைகளில் டெமாக்ரடிக் அணியின் கைகள் எட்டு!

மருந்து விலையும் அப்படித்தான். 2003-இல் முதியோர் மருத்துவத் திட்டத்தில் மருந்துச் செலவைச் சேர்த்தார்கள். மருந்துக் கம்பெனிகளோடு விலை பேசி வாங்க அரசாங்கத்துக்கு உரிமை இல்லை என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். காய்கறிச் சந்தையில் கூடப் பேரம் பேசுகிறோம். கோடிக்கணக்கான முதியோருக்காக மருந்து வாங்கும் அரசாங்கம் பேரம் பேசக் கூடாதாம்! அந்த மசோதாவை நடத்திச் சென்ற கமிட்டித் தலைவர்களில் ஒருவரான பில்லி டாஸின், 2005-இல் மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்கே தலைவராகப் போய் அமர்ந்தார். பேரம் பேசும் உரிமை 2022-இல்தான் கிடைத்தது. அதுவும் முதல் தவணையில் பத்து மருந்துகளுக்கு மட்டும்.

இதற்குள் பெட்டிகளும் சூட்கேஸ்களும் தேவையில்லை. டெமாக்ரடிக் கட்சி தன் புதிய உறுப்பினர்களுக்குக் கொடுத்து, 2013-இல் அம்பலமான மாதிரி நாள்திட்டத்தில், நிதி கேட்டு டெலிபோன் பேச மட்டும் நாளொன்றுக்கு நாலு மணி நேரம் ஒதுக்கியிருந்தது. அரசாங்கக் கட்டிடத்தில் இருந்து நிதி கேட்பது குற்றம் என்பதால், வீதியைக் கடந்து கட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பேசுகிறார்கள். தினமும் நாலு மணி நேரம் பணக்காரர் குரலையே கேட்கும் காதுக்கு, பாத்திரம் கழுவுகிறவள் குரல் எப்போது விழும்?

கணக்காவது சரியா?

ஊரறிய எழுதுகிறார்கள் என்றார்களே, அதுவும் முழு உண்மையல்ல. சமூக நல அமைப்பு என்று பதிவு செய்துகொண்ட குழுக்கள், கொடுத்தவர் பெயரைச் சொல்லாமலே தேர்தலில் செலவழிக்க முடிகிறது. மேற்பார்வை செய்ய வேண்டிய தேர்தல் கமிஷனில் ஆறு பேர். ஒரு கட்சிக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது. எதைச் செய்யவும் நாலு வாக்கு வேண்டும். மூன்றுக்கு மூன்று என்று முட்டி நிற்பதே வழக்கமாயிற்று. 2025 மே மாதத்தில் தேவையான நாலு பேரும் இல்லாமல் கமிஷன் முடங்கியது.

மக்கள் சும்மா இருக்கவில்லை. சியாட்டில் நகர மக்கள் 2015-இல் வாக்களித்து, ஒவ்வொரு வாக்காளருக்கும் 25 டாலர் மதிப்புள்ள நாலு சீட்டுகளை நகராட்சியே கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். விரும்பிய வேட்பாளருக்கு அதைக் கொடுக்கலாம். 2024-இல் மெய்ன் மாநில மக்கள், சூப்பர் பேக்குக்கு ஒருவர் 5,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று பெருவாரியாகத் தீர்ப்பளித்தார்கள். 2025-இல் பெடரல் கோர்ட் அதற்குத் தடை போட்டது. மொண்டானா கதையே மறுபடியும்!

நமக்கென்ன?

நமக்கு நிறைய உண்டு. கம்பெனிகள் கட்சிகளுக்குக் கொடுக்கும் தொகைக்கு இங்கே இருந்த 7.5 சதவீத லாப வரம்பை 2017-இல் நீக்கினார்கள். கூடவே, பெயர் தெரியாமல் கொடுக்கத் தேர்தல் பத்திரங்களும் வந்தன. 2024 பிப்ரவரி 15-இல் நம் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக இரண்டையும் ரத்து செய்தார்கள். வாக்காளர் அறியும் உரிமையோடு, கம்பெனிகளின் வரம்பற்ற பணம் அரசியல் சமத்துவத்தைக் குலைக்கும் என்பதையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. அமெரிக்க நீதிமன்றம் 2010-இல் திறந்த கதவை நம் நீதிமன்றம் 2024-இல் சாத்தியிருக்கிறது. அதைத் திறக்கச் சொல்லித்தான் "கணக்கு மட்டும் போதும்" என்ற வாதம் வந்து தட்டுகிறது. கட்சிகளின் தேர்தல் செலவுக்கு இங்கே இன்னும் வரம்பே இல்லை என்பதையும் மறக்கலாகாது.

நம் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு சிறு சந்தா, கையில் ரசீது. பெரிய புள்ளி ஒருவர் ஆண்டு விழாச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டால், ரசீதில் அவர் பெயர் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் மேடையில் யார் ஏறுவது, எதைப் பேசுவது என்பது அடுத்த நாள் முதல் யார் கையில்?

பிழைப்புத் தேடி ஊர் விட்டு வந்த நமக்கு நிலமில்லை, ஆலையில்லை, அதிகாரிகளைத் தெரியாது. கையிருப்பு ஒரு வாக்கு. அதையும் போட ரயிலேறி ஊர் போக வேண்டியவர்கள் நம்மில் பலர். பணத்தைப் பேச விட்ட நாட்டில் உழைப்பவனின் வாக்கு என்ன கதிக்கு ஆளாயிற்று என்று பார்த்தோம். கம்பெனிப் பணத்துக்கு வரம்பு வேண்டும், கட்சிச் செலவுக்கு வரம்பு வேண்டும், அதன் பிறகு கணக்கும் வேண்டும். இந்த மூன்றையும் வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், எந்தக் கட்சிக்காரரானாலும், முகத்துக்கு நேரே கேட்போம்!