‘மனசு வச்சா விட்டுரலாம்’னு இனிமேல் சொல்லாதீங்க

மாத்தளைப் பக்கம் எந்த லயத்துக்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழும்: “அவன் மனசு வச்சா விட்டுரலாம்.” கசிப்பு குடிக்கிறவருக்கும் இதுதான், தூள் இழுக்கிறவனுக்கும் இதுதான், போனில் பெட் கட்டிச் சம்பளத்தைத் தொலைச்சவனுக்கும் இதுதான். நாங்களும் சொல்லியிருக்கிறோம். இப்போது வெட்கமாக இருக்கிறது.

எங்களில் ஒருவரின் மாமா இரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் இருக்கிறார். இருபது வருஷமாகத் தினமும் குடித்தவர். போன வருஷம் அம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டு ஒரேயடியாக நிறுத்தினார். வீடே சந்தோஷப்பட்டது. மறுநாள் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் வலிப்பு. “பேய் பிடிச்சிருச்சு”ன்னு பூசாரியைத் தேடினார்கள். நல்லவேளை, யாரோ ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மாமா மனசு வச்சார். அதனால்தான் சாகப் பார்த்தார்.

வருஷக்கணக்கில் அதிகம் குடித்த மூளை, சாராயம் இருப்பதற்கேற்ப தன்னை மாற்றி வைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். டொக்டரின் கண்காணிப்பில் சில நாள் டயசிபாம் போன்ற மருந்தும் தயமின் விட்டமினும் கொடுத்தால் இதைத் தாண்டலாம். அதற்குப் பிறகு ஆசையைக் குறைக்க நல்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட் இருக்கின்றன. 2023இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஹெரோயினுக்கான மெதடோனும் புப்ரெனோர்பினும் 2005இலிருந்தே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பக்கத்து இந்தியாவும் மாலைதீவும் இப்படியான மருந்தைக் கொடுக்கின்றன.

நம் நாடு என்ன கொடுத்தது? 2022 ஜூனில் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்று பொலிஸ் இறங்கிப் பல்லாயிரம் பேரைப் பிடித்தது. நோயாளியைத் தேடி மருந்து வரவில்லை, ஜீப்தான் வந்தது.

வீட்டிலும் நாம் குறைச்சலில்லை. “குடிக்கிறவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்” என்று விற்பவர்களை நம்புகிறோம். டைசல்ஃபிரம் எடுத்த ஒருவர் குடித்தால் வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், பிரஷர் விழும். தெரியாமல் கொடுப்பது வைத்தியம் இல்லை, விஷப் பரீட்சை.

சூது விஷயத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்னும் இல்லை. நல்ட்ரெக்சோன் சில ஆய்வுகளில் உதவியிருக்கிறது. முக்கியமான சிகிச்சை பேச்சு வழிதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள், வாழ்நாளில் சீட்டையே தொடாத சிலரைச் சூதாட்டத்தில் இறக்கிவிடும். மருந்தை மாற்றினால் அந்த வெறி பெரும்பாலும் அடங்கிவிடும். இது வெறும் ஒழுக்கப் பிரச்சினை என்றால் அது எப்படி? லொத்தர் விற்க அரசாங்கத்துக்கு இரண்டு சபை இருக்கிறது. அதில் மாட்டியவரைத் தூக்கிவிட எங்கள் தோட்டப் பக்கம் யார் இருக்கிறார்?

“ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?” என்று கேட்பீர்கள். சீனி வருத்தத்துக்கு ஆயுள் முழுக்க மாத்திரை போடும் பாட்டியிடம் இப்படிக் கேட்போமா? மாத்திரை மட்டும் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. கடனும் லயத்து நெருக்கடியும் மாத்திரையில் கரையாது. ஆனால் நடுங்கும் கையோடு இருப்பவரால் அதையெல்லாம் எதிர்த்து நிற்கவும் ஏலாது.

நாங்கள் கேட்பது பெரிசில்லை. தோட்டத்துக்குக் கிட்ட, தமிழில் பேசும் ஒரு கிளினிக். பொலிசுக்குப் பெயர் போகாது என்ற உறுதி. மருந்து எடுக்கப் போகிறவருக்கு அன்றைய பேர் வெட்டுப்படாத ஏற்பாடு.

அது வரும்வரை நம் கையில் இருப்பது ஒன்றுதான். அடுத்த தடவை அந்த வசனம் வாயில் வந்தால் விழுங்கிவிட்டு, “வாங்க மாமா, டொக்டர்கிட்ட நானும் வாறேன்” என்று சொல்லுங்கள்.