முகமும் விசிறியும்

பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் திருக்கச்சி நம்பிக்குத் தனிச் சன்னதி உண்டு. இந்த ஊரில் பிறந்தவர், ராமானுஜர் குருவாக மதித்தவர், காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசுவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர். அவர் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக அது தெரியாமலே வணங்கி வருகிறோம், ஒரு குறையும் தோன்றவில்லை. வரைபவரும் வடிப்பவரும் அவர் கையில் ஒரு விசிறியைக் கொடுத்துவிடுகிறார்கள். விசிறியைப் பார்த்தால் நம்பி. அவ்வளவுதான்.

இதே ஊரில் கம்பெனி ஆட்சியில் ஒரு பட்டாளக் குடியிருப்பும் இருந்தது. சென்னையில் கப்பலை விட்டு இறங்கிய வெள்ளைச் சிப்பாய்களும் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தவர்களும் இங்கே தங்கவைக்கப்பட்டார்கள். அவர்கள் வழியாக நம் மண்ணுக்கு வேறொரு வழக்கம் வந்தது: இறந்தவரை, அவருடைய மூக்கோடும் நெற்றிச் சுருக்கத்தோடும், நடுத்தெருவில் ஒரு பீடத்தின் மேல் ஏற்றி நிறுத்துவது. நடுகல்லும் பள்ளிப்படையும் அறிந்த சமூகத்துக்கு இது புதிது. திருமலையில் இரண்டு தேவியரோடு கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயர் செப்புச் சிலைகூடக் கோயிலுக்குள், தெய்வத்தைப் பார்த்துத்தான் நிற்கிறது. போவோர் வருவோரைப் பார்த்து நிற்கும் மனிதச் சிலை மேற்கிலிருந்து வந்த சரக்கு.

அந்தச் சரக்கின் பெரிய மாதிரி தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் இருக்கிறது. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். மக்களிடம் சந்தா திரட்டி, லண்டனில் பிரான்சிஸ் சான்ட்ரியிடம் வேலையைக் கொடுத்தார்கள். அவர் தம் பட்டறையிலேயே வெண்கலம் வார்த்து அனுப்ப, 1839இல் சிலை திறக்கப்பட்டது. இறந்த நாளுக்கும் திறந்த நாளுக்கும் நடுவே 12 ஆண்டுகள். சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. மறந்துவிட்ட சிற்பி மனமுடைந்து உயிரை விட்டார் என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது. கதைதான். சான்ட்ரி வடித்த நான்காம் ஜார்ஜ் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இதே போல வெறுங்குதிரை மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். கால் தொங்க, அங்கவடி இல்லாமல் குதிரையேறுவது ரோமாபுரியில் மார்க்கஸ் ஆரேலியஸ் சிலையிலிருந்து வரும் மரபு. ஆக, முகத்தை அச்சாக வடிப்பதாகச் சொல்லிக்கொண்ட மேற்கும் சத்தமில்லாமல் ஒரு விசிறியைக் கையில் கொடுத்துத்தான் இருந்தது. மன்றோவை ரோமானியப் பேரரசராகக் காட்டும் விசிறி அது.

சிலை செய்யும் தொழிலுக்குள் போனால் இரண்டு மரபுக்கும் உள்ள தூரம் இன்னும் தெளிவாகத் தெரியும். சுவாமிமலை ஸ்தபதி ஓலை நறுக்கை மடித்து மடித்துத் தாளக் கணக்கு எடுப்பார். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துப் பிசைந்து உருவம் பிடிப்பார்; காவிரி வண்டலை மேலே பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார். அச்சை உடைத்தால் ஒரே ஒரு சிலை. முழுக்கக் கனமான வார்ப்பு. அவருக்கு முன்னால் புகைப்படமோ ஆளோ கிடையாது, தியான சுலோகம்தான் உண்டு. ஆளுயர நினைவுச் சிலையைச் செய்பவர் இப்படி வேலை செய்ய முடியாது. கம்பிக் கூட்டின் மேல் களிமண் அப்பி முதலில் முழு உருவத்தையும் எழுப்புகிறார். அதற்குப் பிளாஸ்டரில் மோல்டு எடுத்து, மோல்டுக்குள் சில மில்லிமீட்டர் கனத்தில் மெழுகைப் படியவைத்து, உள்ளே கோர் நிரப்பி, துண்டு துண்டாக வார்க்கிறார். ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸில் ஓடும் உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சுருங்கும். களிமண்ணிலேயே அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு வெல்டிங், ராவுதல், நிறம் ஏற்றுதல். எல்லாம் முடிந்து நிற்கும் சிலை உள்ளே பொள்ளல்தான். தலைவரின் பின்னந்தலையையோ காது மடலையோ யாரும் படமெடுத்து வைத்திருக்க மாட்டார்கள். இருப்பதெல்லாம் நேர்முகப் படங்கள். மற்றதைச் சிற்பி ஊகிக்க வேண்டும், ஊகித்ததை உறவினரும் கட்சிக்காரரும் ஒப்ப வேண்டும்.

இந்த வித்தையைத் தமிழ்நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த பள்ளி பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. இப்போது அந்தச் சாலைக்கு ஈ.வெ.ரா. பெரியார் சாலை என்று பெயர். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கியது, இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. 1929இல் அதற்கு முதல் இந்திய முதல்வராக வந்தவர் வங்காளத்துத் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1957 வரை இருந்தார். ஓவியத்தில் அவனீந்திரநாத் தாகூரின் மாணவர் என்றாலும், சிற்பத்தில் அவர் மனம் பிரெஞ்சுச் சிற்பி ரோடானிடம் இருந்தது. நரம்பு புடைக்கும், தசை திரளும், எடை இழுத்தால் முதுகு வளையும். 1942 ஆகஸ்டில் பாட்னாவில் சுடப்பட்ட 7 மாணவர்களுக்கு அவர் செய்த நினைவுச் சிலைகள் இத்தாலியில் வார்க்கப்பட்டு வந்தன. டெல்லியில் தண்டி யாத்திரையின் 11 உருவங்களும் அவர் கைவண்ணமே. மெரினாவில் 1959இல் நிறுத்திய காந்தி சிலையையும் அவர்தான் செய்தார்.

ஆனால் அதே ஆண்டு, அதே கடற்கரையில் நிறுத்திய உழைப்பாளர் சிலைதான் அவருடைய சாதனை. கோவணம் கட்டிய நான்கு பேர் ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் பெயரில்லை, பெயரில்லாததால் யாரைப் போலவும் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மேற்கின் உடலியலை அப்படியே எடுத்துக்கொண்டு, அது நம் ஊரில் அதுவரை பீடம் ஏற்றியிராத ஆட்களைப் பீடத்தில் ஏற்றிவிட்டார். சென்னையில் இத்தனை சிலைகள் இருந்தும் கும்பிடத் தோன்றாமல் கொஞ்ச நேரம் நின்று பார்க்கத் தோன்றுவது இது ஒன்றைத்தான் என்பது என் எண்ணம்.

நாமே விரும்பி வெள்ளைக்காரருக்குச் சிலை வைத்த கதை 1968 உலகத் தமிழ் மாநாட்டோடு சூடு பிடித்தது. வள்ளுவர், ஔவை, கம்பர், கண்ணகி, பாரதி வரிசையில், தமிழுக்கு உழைத்த ஜி.யு.போப், கால்டுவெல், வீரமாமுனிவர் மூவரும் மெரினாவில் நின்றார்கள். நன்றியுள்ள செயல். சிற்பக் கண்ணோடு பார்த்தால் மட்டும் ஒரு சங்கடம். கண்ணகியைக் கையில் சிலம்பும் விரிந்த கூந்தலும் காட்டிக்கொடுத்துவிடும். பாரதிக்குத் தலைப்பாகையும் மீசையும் போதும். போப்பையும் கால்டுவெல்லையும் பெயர்ப்பலகை படிக்காமல் பிரித்துச் சொல்பவர் எத்தனை பேர்? இருவரும் அங்கி அணிந்த பாதிரியார்கள், இருவர் முகமும் நம் பொதுநினைவில் இல்லை. அவர்களுக்குரிய விசிறியை நாம் கண்டுபிடிக்கவே இல்லை.

நம் சொந்தத் தலைவர்கள் விஷயத்தில் இந்தத் தவறு நடக்கவில்லை. பெரியாருக்குத் தாடியும் கைத்தடியும், அண்ணாவுக்கு உயர்ந்த விரல், காமராசருக்கு நீண்ட வேட்டியும் அரைக்கைச் சட்டையும். மேற்கு முகமாகக் கொடுத்ததைத் தமிழ்ப் பட்டறைகள் மறுபடி அடையாளமாக மாற்றிக்கொண்டன. மூக்கு கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை, விரல் பிசகக் கூடாது. இதில் மிகப் பெரிய வெற்றி அம்பேத்கர் சிலை. தமிழ்நாட்டுச் சிலைகளில் மேற்கத்திய உடையைத் தேடுபவர் ஆங்கிலேயரிடம் போக வேண்டியதில்லை. சேரி முனையில் சிமெண்டிலோ வெண்கலத்திலோ நிற்கும் நீலக் கோட்டும் டையும்தான் அது. அந்த உடைக்கு அங்கே இருக்கும் அர்த்தம் லண்டனில் இல்லை. அதனால்தான் அதை உடைக்க வருகிறார்கள், அதனால்தான் பல ஊர்களில் அதற்கு இரும்புக் கூண்டு போட வேண்டியிருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். அடையாளம் கைவந்துவிட்டால் அவசரமும் கூடவே வந்துவிடுகிறது. கருணாநிதி 2018 ஆகஸ்டில் மறைந்தார். மீஞ்சூர் தீனதயாளன் வடித்த அவர் சிலை அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று அறிவாலயத்தில் திறக்கப்பட்டது. தேர்ந்த கை, அதனால் நான்கு மாதத்தில் முடிந்தது. எல்லாக் கைகளும் அப்படி இல்லை. ஆர்டர் கொடுப்பவர் திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு, பிறகுதான் சிற்பியைத் தேடுகிறார். வெல்டிங் தழும்பை மறைக்கத் தங்கப் பெயிண்ட் அடித்தால் ஆயிற்று. மழையும் காற்றும் வெண்கலத்துக்குக் கொடுக்கும் பச்சை கலந்த கருமையை நாம் அழுக்கு என்று நினைத்து, பிறந்த நாளுக்குப் பிறந்த நாள் பெயிண்டால் மூடுகிறோம்.

வெள்ளைக்காரரில் விசிறி கிடைத்த ஒருவர் உண்டு, பென்னிகுயிக். அவர் கட்டி 1895இல் திறந்த பெரியாறு அணை அவருக்கு அதைத் தேடிக் கொடுத்தது. அரசு 2013இல் லோயர் கேம்பில் மணிமண்டபம் கட்டிச் சிலை வைத்தது. அதற்கும் முன்பே தேனிப் பக்கம் வீடுகளில் சாமி படங்களோடு அவர் படமும் மாட்டப்பட்டிருந்தது. ஜனவரி 15 அவர் பிறந்த நாள். பொங்கலோடு வருவதால் அவருக்கும் பானை வைக்கிறார்கள். 2022இல் தமிழ்நாடு அரசு அவர் வாழ்ந்து மறைந்த இங்கிலாந்தின் கேம்பர்லியிலும் ஒரு சிலை நிறுவியது. மன்றோ சிலை கப்பலேறி வந்ததற்கு ஏறக்குறைய 180 ஆண்டு கழித்து, வந்த வழியே ஒரு வெள்ளைக்காரரை நாம் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

துரத்தப்பட்டவரும் ஒருவர் உண்டு. 1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் ஈவிரக்கமின்றி மக்களைத் தூக்கிலிட்ட கம்பெனிப் படைத் தளபதி ஜேம்ஸ் நீல், மாத்யூ நோபிள் வடித்த வெண்கலமாக மவுண்ட் ரோட்டில் நின்றார். அவரை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. இளைஞர் காமராசருக்கு அதில் பங்கு உண்டு. 1937இல் ராஜாஜி அரசு சிலையை இறக்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள ரிப்பன் மாளிகைக்குள் வைத்தது. பிறகு எழும்பூர் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தார். அதே அருங்காட்சியக வளாகத்தில்தான் 2025 ஜனவரி 5 அன்று, சிந்துவெளியை 1924இல் உலகுக்கு அறிவித்த ஜான் மார்ஷலின் சிலைக்கு முதல்வர் அடிக்கல் நாட்டினார். ஒருவர் தண்டனையாக உள்ளே போனவர், இன்னொருவர் அழைப்பின்பேரில் வருபவர். மார்ஷலின் கோட்டு எவ்வளவு நுணுக்கமாக அமைந்தாலும் பள்ளிப் பிள்ளைகள் அவரை நினைவில் வைக்கப் போவதில்லை. கையில் ஒரு மொகஞ்சதாரோ முத்திரை இருந்தால் வைத்துக்கொள்வார்கள்.